தியானத்துக்குக் குஷன் தேவையா? எட்டு மாதம் உட்கார்ந்து பார்த்ததில்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வாங்கலாம். ஆனால் மெத்தென்று இருக்கும் என்பதற்காக வாங்காதீர்கள், உயரத்துக்காக வாங்குங்கள். இது தெரியாமல் முதல் குஷனுக்கு நான் கொடுத்த 39 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) வீணாகப் போனது.

நான் கோலாலம்பூர், செந்தூலில் தையல் வேலை செய்கிறேன். ரவிக்கை, பள்ளிச் சீருடை, தீபாவளி நெருங்கினால் பஞ்சாபி சூட். 22 வருடமாக நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து மிஷின் மிதித்த கால்கள் இவை. தியானம் பழகியது பகாங், கம்பாங்கில் இருக்கும் விபாசனா தியான மையத்தில், எஸ்.என். கோயங்கா என்ற ஆசிரியரின் முறையில் நடக்கும் பத்து நாள் வகுப்பில். காலை 4 மணிக்கு மணி அடிக்கும், 4.30க்கு உட்கார வேண்டும், கூடப் பழக வந்தவர்கள் யாரிடமும் வாய் திறந்து பேசக் கூடாது. முதல் சில நாள் கழிந்ததும் தினமும் மூன்று தடவை, ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம், கை கால் அசைக்காமல் கண் திறக்காமல் இருக்கச் சொல்வார்கள். அங்கே உட்காரத் திண்டு கிடைத்ததால் எப்படியோ சமாளித்தேன். வீட்டுக்கு வந்து வெறும் பாயில் உட்கார்ந்தால் பத்தே நிமிடத்தில் முதுகு வளைந்துவிட்டது. அப்போதுதான் திண்டின் அருமை தெரிந்தது.

ஏன் வளைகிறது என்று தெரிந்துகொண்டால் எதை வாங்குவது என்பதும் தெரிந்துவிடும். சம்மணம் போடும்போது முழங்கால் இடுப்பை விட உயரமாகத் தூக்கிக்கொண்டு நின்றால் இடுப்பெலும்பு பின்பக்கம் சாயும். கீழ்முதுகில் இருக்க வேண்டிய உள்வளைவு போய்விடும். அதை நிமிர்த்திப் பிடிக்க முதுகுத் தசை நேரம் முழுக்க உழைக்க வேண்டும், பிறகு மூச்சைக் கவனிப்பது எங்கே? உட்காரும் இடத்தை நாலைந்து அங்குலம் உயர்த்திவிட்டால் முழங்கால் இரண்டும் தானாகத் தரைக்கு இறங்கும். இடுப்பு லேசாக முன்னே சாயும், முதுகு பிடிமானம் இல்லாமலே நிற்கும். மூன்று அடுப்புக்கல் மேல் பானை உட்கார்ந்த மாதிரி.

நான் இணையத்தில் வாங்கிய முதல் குஷன் ஸ்பாஞ்ச். படத்தில் ஐந்து அங்குலம், உட்கார்ந்தால் ஒன்றரை அங்குலம். ஒரு மாதத்தில் அது நாய்க்குப் படுக்கை ஆனது.

இரண்டாவதை பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடையில் 95 வெள்ளிக்கு வாங்கினேன். வட்டமானது, உள்ளே இலவம்பஞ்சு, மலாயில் கெகாபு என்பார்களே, அதுதான். கடையில் இருந்த தம்பி, "அக்கா, சும்மா கையால அமுக்கிப் பார்க்காதீங்க, கீழே வச்சு உட்கார்ந்து பாருங்க" என்று இடம் ஒதுக்கிக் கொடுத்தார். உட்கார்ந்தேன். "முழுசா ஏறி உட்காராதீங்க, முன்னாடி விளிம்புக்கு வாங்க" என்றார். நகர்ந்தேன். என் வலது முழங்கால் மெதுவாக இறங்கித் தரையைத் தொட்டது. இத்தனை வருடத்தில் சம்மணம் போட்டு அந்த முழங்கால் தரையைத் தொட்டு நான் பார்த்ததில்லை. அதற்குப் பிறகு விலை பேசவில்லை.

வீட்டுக்கு வந்ததும் தொழில் புத்தி விடவில்லை, பிரித்துப் பார்த்தேன். மேல் உறை கனமான பருத்தி டிரில். பக்கவாட்டுப் பட்டியில் 16 மடிப்பு, புடவைக் கொசுவம் மாதிரி ஒரே அளவில் பிடித்திருக்கிறார்கள். மடிப்பு இருந்தால்தான் துணி விரிந்து கொடுக்க இடம் இருக்கும், எடை ஏறும்போது தையல் இழுபடாது. கண் பார்த்துத் தைத்த கை அது. உள் உறைதான் ஏமாற்றம். மெல்லிய துணி, ஒற்றைத் தையல், மூன்றாம் மாதம் ஒரு ஓரத்தில் விட்டுப்போய்ப் பஞ்சு எட்டிப் பார்த்தது. இரட்டைத் தையல் போட்டு நானே சரி செய்தேன். தைக்கத் தெரியாதவர்களுக்கு இது தொல்லைதான். பஞ்சில் கறுப்பு விதையும் கொஞ்சம் கிடந்தது. உட்காரும்போது தெரியவில்லை, ஆனால் தூசிக்குத் தும்முகிறவர்கள் கடையிலேயே முகர்ந்து பார்த்து வாங்குங்கள்.

ஜிப் வைத்திருப்பதுதான் இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது. இலவம்பஞ்சு நாளாக நாளாக அமுங்கும். ஆறு அங்குலமாக இருந்தது நாலரைக்கு வந்ததும் அம்மாவின் பழைய தலையணையைப் பிரித்து இரண்டு கைப்பிடி அடைத்தேன், பழையபடி நின்றுவிட்டது. ஜிப் இல்லாததை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். பஞ்சை மட்டும் தண்ணீரில் போடக் கூடாது, கட்டி தட்டிவிடும். நம் ஊர் ஈரப்பதத்துக்கு வாரம் ஒரு தடவை, மதிய மழைக்கு முன்னால், பால்கனி வெயிலில் ஒரு மணி நேரம் வைத்தால் போதும். உப்பிக்கொண்டு வரும்.

பக்வீட் உமி அடைத்ததும் கடையில் இருந்தது, 130 வெள்ளி. (பெயரில் வீட் இருந்தாலும் அது கோதுமை இல்லை, வேறொரு செடியின் விதை.) உட்கார்ந்த வடிவத்துக்குத் தகுந்த மாதிரி நகர்ந்து கொடுக்கும், அமுங்காது, அது நல்ல குணம். ஆனால் கையில் தூக்கினால் அரிசிப் பை மாதிரி கனம், அசைந்தால் சரசரவென்று சத்தம். ஏசி இல்லாத வீட்டில் ஈரம் ஏறிப் பூஞ்சை பிடிக்குமோ என்று எனக்குப் பயம். எடுக்கவில்லை.

எங்கள் மாமா வந்திருந்தபோது இதைப் பார்த்துவிட்டு, "நம்ம தாத்தா காலத்துல இதெல்லாம் வச்சுக்கிட்டா உட்கார்ந்தாங்க?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் தாத்தா சாப்பிட்டது தரையில், பாட்டி காய் நறுக்கியது அரிவாள்மனை முன்னால். நாள் முழுக்கத் தரையில் புழங்கிய இடுப்பு அது, நம்முடையது நாற்காலிக்குப் பழகியது. அப்புறம், அந்தக் காலத்திலும் வெறும் தரையில் யார் உட்காரச் சொன்னார்கள்? தர்ப்பை விரித்து, மேலே மான்தோல், அதற்கும் மேலே துணி என்றுதானே ஆசனம் போட்டார்கள். வீட்டுக்கு வந்தவருக்கு மணை போடாமல் உட்காரச் சொல்வதுண்டா? மாமா யோசித்துவிட்டு, "நகரு, நான் உட்கார்ந்து பார்க்கிறேன்" என்றார்.

கால் மரத்துப்போவதற்குக் குஷன் முழு மருந்து இல்லை. இரத்தம் நின்றுவிட்டதோ என்று பலர் பயப்படுகிறார்கள், பெரும்பாலும் நரம்பு அழுந்துவதுதான் காரணம். பின்னால் தள்ளி உட்கார்ந்தால் குஷன் விளிம்பே தொடைக்கு அடியில் அழுத்தி அதை அதிகமாக்கும். அந்தத் தம்பி முன்னால் வரச் சொன்னது அதற்குத்தான். டைல்ஸ் தரையில் கணுக்கால் எலும்பு வலிக்கும், நான் டோட்டோ என்கிற மெல்லிய மெத்தையை இரண்டாக மடித்துக் கீழே போட்டுக்கொள்கிறேன்.

வாங்கும் முன் வீட்டில் ஒரு போர்வையை இறுக்கி மடித்து அதன் மேல் பத்து நாள் உட்கார்ந்து பாருங்கள். முழங்கால் தரையைத் தொட்டு, முதுகும் நின்றால் அந்தப் போர்வையே போதும், காசு செலவழிக்க வேண்டாம். என் அம்மாவுக்கு மூட்டுத் தேய்மானம். அவர் சாப்பாட்டு மேசை நாற்காலியில், பாதம் இரண்டும் தரையில் படிய உட்கார்ந்து என்னோடு அரை மணி நேரம் தியானம் செய்கிறார். அவருக்குக் குஷனே வேண்டியதில்லை.

மாமா அன்று 20 நிமிடம் உட்கார்ந்தார். உயரமான மனுஷன், முழங்கால் தரைக்கு மூன்று விரற்கடை மேலேயே நின்றது. அவருக்கு ஏழு அங்குலமாவது வேண்டும். சனிக்கிழமை அவரையே பிரிக்பீல்ட்ஸுக்கு அழைத்துப் போகிறேன். உள் உறையை மட்டும் நான் தைத்துக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.