கிராஃப்ட் பீர் பண்டமாற்று: நேரிலா, சூட்கேஸிலா, பார்சலிலா?

அமெரிக்காவில் பேர்போன கிராஃப்ட் பீர்களில் (சிறு ஆலைகள் காய்ச்சும் பீர்) பல, காய்ச்சிய ஊரை விட்டு அதிக தூரம் போவதில்லை. நியூ கிளாரஸ் பீர் விஸ்கான்சினில் கடை அலமாரியிலேயே நிற்கும். எல்லை தாண்டி இல்லினாய்ஸ் போனால் விற்பனைக்குக் கிடையாது. ஹெடி டாப்பர் வெர்மான்ட்டில் சுலபம், கலிஃபோர்னியாவில் குதிரைக்கொம்பு. பிளைனி தி எல்டர் என்றால் கதை தலைகீழ். இரண்டுமே 8% ஆல்கஹால் உள்ள டபுள் ஐபிஏ; ஐபிஏ என்பது ஹாப்ஸ் பூவின் கசப்பும் வாசனையும் தூக்கலான பீர் வகை, டபுள் என்றால் அதில் இன்னும் காட்டமானது. அங்கே இருப்பவரும் இங்கே இருப்பவரும் ஆளுக்கு நான்கு மாற்றிக்கொண்டால் இருவருக்கும் திருப்தி. பண்டமாற்று என்பது இவ்வளவுதான்.

இறங்குவதற்கு முன் இரண்டு விஷயம். இருவருக்கும் 21 வயது நிறைந்திருக்க வேண்டும். பணம் கைமாறக் கூடாது. உரிமம் இல்லாமல் மது விற்பது குற்றம், "பெட்ரோல் செலவுக்கு வைத்துக்கொள்" என்று நீட்டும் இருபது டாலர்கூடச் சிக்கல்தான்.

இனி, எந்த வழியில் மாற்றுவது, எதைக் கொடுப்பது, எந்தக் கணக்கில் கொடுப்பது? மூன்றையும் தீர்மானிப்பது பீரின் வயசு.

பார்சல்

இதை முதலிலேயே பேசி முடித்துவிடலாம், ஏனென்றால் புதியவர்கள் இதில்தான் தொடங்க நினைக்கிறார்கள். அமெரிக்கத் தபாலில் மது அனுப்பக் கூட்டாட்சிச் சட்டமே தடை போடுகிறது. யூபிஎஸ், ஃபெடெக்ஸ் இரண்டும் உரிமம் பெற்று, தங்களோடு ஒப்பந்தம் போட்ட நிறுவனங்களிடமிருந்து மட்டுமே மது பார்சலை ஏற்கின்றன. தனிநபருக்கு வழியில்லை. பெட்டிமேல் வேறு எதையாவது எழுதி அனுப்புகிறவர்கள் உண்டு. உள்ளே ஒரு கேன் ஒழுகினால் பார்சல் பாதி வழியில் நின்றுவிடும், இழப்பீடு கேட்கவும் வாய் இருக்காது.

சட்டத்தை விடுங்கள், பீருக்கே இது ஆகாது. தொழிலில் ஒரு சுமார்க் கணக்கு சொல்வார்கள்: 3 டிகிரி செல்சியஸில் 300 நாளில் ஆகும் கிழடு, 22 டிகிரியில் 30 நாளிலும், 32 டிகிரியில் 3 நாளிலும் ஆகிவிடும். ஜூலை வெயிலில் நாலு நாள் டெலிவரி வண்டியில் சுற்றிய ஐபிஏ என்ன கதியில் வந்து சேரும் என்று நீங்களே கணக்குப் போடலாம்.

நேரில்

தொடங்க இதுதான் சரியான இடம். ஒரு மணி நேரக் கார்ப் பயணத்துக்குள் இருக்கும் ஒருவரோடு முதல் மாற்றத்தைச் செய்யுங்கள். ஒத்துக்கொள்ளும் முன்பே மூன்றைக் கேட்டு வாங்கிவிடுங்கள்: கேன் அடியில் உள்ள தேதியின் படம், வாங்கியதிலிருந்து ஃப்ரிட்ஜிலேயே இருந்ததா என்ற பதில், எத்தனைக்கு எத்தனை என்ற எண்ணிக்கை. சந்திப்பு பகலில், ஆள் நடமாட்டமுள்ள இடத்தில் இருக்கட்டும். கூலர் பெட்டியில் ஐஸ் போட்டு டிக்கியில் வையுங்கள். ஒப்பந்தத்துக்கு மேல் ஒரு லோக்கல் கேன் சேர்த்துக் கொடுப்பது இந்த வட்டாரத்து மரியாதை. அடுத்த மாற்றத்துக்கு அது வழி திறந்து வைக்கும்.

தேதியில்தான் பலர் ஏமாறுகிறார்கள். "கேனில் அடைத்த நாள்" வேறு, "இதற்குள் குடிக்கவும்" வேறு. இரண்டாவதை வைத்து வயசு கண்டுபிடிக்க, அந்த ப்ரூவரி (பீர் காய்ச்சும் ஆலை) 90 நாள் தருகிறதா 180 நாள் தருகிறதா என்று தெரிந்திருக்க வேண்டும். சிலர் ஆண்டின் எத்தனையாவது நாள் என்று மூன்று இலக்கத்தில் அடிப்பார்கள். 045 என்றால் பிப்ரவரி 14.

வாங்கும்போது கேனை விரலால் அழுத்திப் பாருங்கள். மூடி உப்பியிருந்தாலோ, விளிம்பு பிசுபிசுத்தாலோ வாங்காதீர்கள்.

சூட்கேஸ்

தூரத்து மாநிலத்துப் பீர் வேண்டுமென்றால் பார்சலுக்குப் பதில் இதுதான் நேர்மையான வழி. 24 சதவீதம் வரை ஆல்கஹால் உள்ள மதுவுக்கு, செக்-இன் பெட்டியில் விமானப் பாதுகாப்பு விதி அளவு வரம்பு வைக்கவில்லை. எடைதான் வரம்பு. 473 மி.லி. கேன் ஒன்று ஏறக்குறைய அரை கிலோ. 24 கேன் 12 கிலோ. 23 கிலோ பெட்டியில் துணிக்கும் இடம் மிஞ்சும். 750 மி.லி. கண்ணாடி பாட்டில் ஒன்றே ஒன்றரை கிலோவுக்குப் பக்கம் வரும், எட்டு வைத்தால் அதே 12 கிலோ.

ஒவ்வொன்றையும் ஜிப் பையில் போட்டு, காற்றை வெளியேற்றி மூடி, குமிழி உறை சுற்றி, பெட்டி நடுவில் வையுங்கள். ஓரத்தில் வைத்ததுதான் அடிபடும். கண்ணாடியோடு கண்ணாடி உரசக் கூடாது. இடையில் ஜீன்ஸ் துணி. காற்றழுத்தத்தில் கேன் வெடித்துவிடும் என்ற பயம் வேண்டாம், பயணிகள் விமானத்தின் சரக்கு அறையும் அழுத்தம் காக்கப்பட்டதுதான். விதிவிலக்கு ஒன்று உண்டு: நொதித்து முடிந்தபின் பழக்கூழ் கொட்டிய புளிப்பு பீர். அதில் சர்க்கரை மிச்சமிருக்கும். சூடேறினால் ஈஸ்ட் மறுபடி வேலையைத் தொடங்கி, கேன் தரையிலேயே வெடிக்கும், விமானமே வேண்டாம். அதை ஐஸ் பெட்டியில் நேரில் மட்டும் மாற்றுங்கள்.

ஐபிஏ கேனா, ஸ்டவுட் பாட்டிலா?

ஹேஸி ஐபிஏ (கலங்கலான, பழவாசம் அடிக்கும் ஐபிஏ) சுலபமாகக் கிடைக்கும், கேட்பாரும் அதிகம். ஆனால் ஆயுள் குறைவு. அடைத்து நாலைந்து வாரத்தில் ஹாப்ஸ் வாசனை இறங்கத் தொடங்கும். உள்ளே ஆக்சிஜன் புகுந்திருந்தால் ஆரஞ்சு ஜூஸ் நிறம் அழுக்குப் பழுப்பாகும். மாம்பழ வாசம் போய் தேனும் நனைந்த அட்டையும் வரும். பிளைனி பாட்டில் லேபிளிலேயே சேமித்து வைக்காதே என்று அச்சிட்டிருக்கிறார்கள். ஐபிஏவை நேரில், அடைத்த இரண்டு வாரத்துக்குள் மாற்றுவது உத்தமம்.

ஸ்டவுட் என்பது வறுத்த தானியத்தில் காய்ச்சும் கறுப்பு பீர். பர்பன் விஸ்கி பீப்பாயில் ஊறிய 12–15% ஸ்டவுட் பயணத்தைத் தாங்கும், வருஷக்கணக்கில் காத்திருக்கும். அதனால் சூட்கேஸ் மாற்றத்துக்கு அதுவே பொருத்தம். நிமிர்த்தி, இருட்டில், 12–13 டிகிரியில் வையுங்கள். ஆனாலும் கண்மூடி நம்ப வேண்டாம். காபி, தேங்காய், வெனிலா சேர்த்த ஸ்டவுட்டில் அந்த வாசனைகள் ஒரு வருஷத்தில் மங்கிவிடும். ஐந்து வருஷப் பழசு என்பதற்காகக் கூடுதலாகக் கொடுப்பது வீண். தொற்றும் வரலாம். 2015-ல் வந்த கூஸ் ஐலண்ட் ப்ரூவரியின் பர்பன் கவுண்டி ஸ்டவுட் வரிசையில் சில வகைகள் புளித்துப்போயின. லாக்டோபாசிலஸ் பாக்டீரியாதான் காரணம் என்று நிறுவனமே சொல்லிப் பணத்தைத் திருப்பித் தந்தது. அடுத்த ஆண்டிலிருந்து பாஸ்டரைஸ் செய்தது (சூடாக்கிக் கிருமியை அழிப்பது). யாராவது 2015 பாட்டிலை நீட்டினால் இது ஞாபகம் இருக்கட்டும்.

கடைவிலையா, மவுசு விலையா?

கடைவிலைக்குக் கடைவிலை என்றால், 20 டாலர் நாலு கேனுக்கு 20 டாலர் ஸ்டவுட் ஒன்று. சண்டை வராது. மவுசு விலையில், 30 டாலருக்கு வாங்கிய அபூர்வ பாட்டிலுக்கு 150 டாலர் மதிப்பு சொல்லி ஏழெட்டு நல்ல பாட்டில் கேட்பார்கள். அந்த மதிப்பு அடுத்த ஆண்டு ப்ரூவரி கூடுதலாகக் காய்ச்சினால் சரியும். முதல் பத்து மாற்றம்வரை கடைவிலையிலேயே நில்லுங்கள். ரசீதை எடுத்து வைத்தால் பேச்சு சுருங்கும்.

மாற்றாமலே ருசிக்க

பாட்டிலைத் திறந்து பகிரும் கூட்டம் இன்னொரு தேர்வு; எது பிடிக்கும் என்றே தெரியாதவருக்கு இதுவே முதல்படி. ஆறு பேர், ஆளுக்கு ஒன்றிரண்டு பாட்டில். 500 மி.லி.யை ஆறாகப் பிரித்தால் தலைக்கு 80 மி.லி. சொச்சம். லேசான பீர், ஐபிஏ, புளிப்பு, கடைசியில் ஸ்டவுட் என்று போகலாம். ஸ்டவுட் முன்னால் வந்தால் பின்னால் வருவதெல்லாம் தண்ணீராகத் தெரியும். ஊற்று சின்னதுதானே என்று நினைக்காதீர்கள். சராசரி 10% என்றால் பத்து பாட்டில் முடியும்போது ஒவ்வொருவர் உள்ளேயும் 80 மி.லி. சுத்த ஆல்கஹால் போயிருக்கும், அமெரிக்க அளவில் நாலரை டிரிங்க். கார் சாவியை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.