ஃப்ளூவாக்சமைனும் என் டபரா காபியும்: மூன்று வருட அனுபவம்

எனக்கு ஓசிடி, அதாவது ஒரே எண்ணமும் செயலும் திரும்பத் திரும்ப வரும் மனநலப் பிரச்சினை. வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், சந்தேகம் வந்து திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்த்து, மறுபடி போய் மறுபடி வந்து, தினமும் ஆபீசுக்கு லேட். அதற்குத்தான் ஃப்ளூவாக்சமைன் மாத்திரை. ராத்திரி 50 மில்லிகிராமில் தொடங்கி இப்போது 150இல் நிற்கிறேன். முதல் வாரம் குமட்டல், அப்புறம் சரியாகிவிட்டது. பூட்டுத் தொல்லை அடங்க இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. இப்போது ஒரே இழுப்புதான், கிளம்பிவிடுவேன்.

ஆனால் காபி விஷயத்தை யாருமே சொல்லவில்லை. நான் நாளைக்கு நாலு டபரா குடிக்கிற ஆள். மாத்திரை தொடங்கிப் பத்து நாளில் படபடப்பு, கை நடுக்கம், ராத்திரி இரண்டு மணிக்கும் கொட்டக்கொட்ட விழிப்பு. மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று நிறுத்தவே பார்த்தேன். விஷயம் வேறு. காஃபீனைக் கல்லீரலில் உடைப்பது சிஒய்பி1ஏ2 என்ற நொதி, ஃப்ளூவாக்சமைன் அதன் கையைக் கட்டிவிடுகிறது. சாதாரணமாகக் குடித்த காஃபீனில் பாதி கழிய 5 மணி நேரம் போலப் பிடிக்கும். இந்த மாத்திரையோடு ஒரு நாளுக்கும் மேல். நேற்றைய காபி தீராமல் இன்றைய காபியை அதன் தலையில் ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறேன்!

இதைவிட மோசம் போன வருடம் நடந்தது. கழுத்து வலிக்கு எலும்பு டாக்டர் டைசானிடின் என்ற தசை தளர்த்தும் மாத்திரையை எழுதினார். வேறு என்ன மாத்திரை போடுகிறாய் என்று அவர் கேட்கவில்லை, மனநல மாத்திரை என்று சொல்லக் கூச்சப்பட்டு நானும் வாயைத் திறக்கவில்லை. ஒன்று போட்டுப் படுத்தேன். பாத்ரூம் போக எழுந்தால் கண் இருட்டி, சுவரைப் பிடித்தபடியே உட்கார்ந்துவிட்டேன். பிபி 80/50. அதையும் உடைப்பது இதே நொதிதான். ஆரோக்கியமானவர்களுக்கு ஃப்ளூவாக்சமைனோடு சேர்த்துக் கொடுத்துச் சோதித்தபோது ரத்தத்தில் டைசானிடின் சராசரியாக 33 மடங்கு ஏறியிருக்கிறது. இரண்டையும் சேர்த்துக் கொடுக்கவே கூடாதாம்.

இதே வகை மாத்திரைகள் எல்லாமே இப்படி இல்லை. அந்த வகையில் ஃப்ளூவாக்செடினும் பராக்செடினும் மடக்குவது 2டி6 என்ற வேறொரு நொதியை, அதனால் வலிநிவாரணி கோடீன் உடம்பில் மார்ஃபினாக மாறாமல் வலி குறையாது, பிபிக்குப் போடும் மெட்டோபுரோலால் தேங்கி நாடித்துடிப்பு குறையும். அதே வகையைச் சேர்ந்த எசிட்டலோபிராமில் இந்தத் தொல்லை குறைவு.

இன்னொன்று, திடீரென்று நிறுத்தாதீர்கள். ஊருக்குப் போனபோது இரண்டு நாள் விட்டுப்போய் ஒரே கிறுகிறுப்பு.

இப்போது பல் டாக்டரிடம்கூட மருந்துச் சீட்டு போட்டோவைக் காட்டிவிட்டுத்தான் வாயைத் திறக்கிறேன். காலையில் அரை டபரா காபி. சாயங்காலம் சுக்கு காபி, அதில் காபித்தூள் கிடையாது.