சாம்பல் நிறச் சூட்டுத் துணி: குதிரை வைத்திருப்பவர்கள் வாங்கும் முன் ஒரு நிமிடம்

மார்கழி வருகிறது என்றால் போதும், குதிரைக்காரர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் அந்த வீடியோ சுற்ற ஆரம்பித்துவிடும். கிழக் குதிரை ஒன்று பின்னங்காலை இழுத்துக்கொண்டு வரும். முதுகில் 'செராமிக் தெரபி' என்ற பெயரில் விற்கிற சாம்பல் நிறத் துணி ஒன்றைப் போர்த்துவார்கள். அடுத்த காட்சியில் அதே குதிரை நாலுகால் பாய்ச்சலில் ஓடும். போன வருடம் அதைப் பார்த்துத்தான் 11,500 ரூபாயை அனுப்பினேன். பணத்தோடு போயிருந்தால் யாரிடமும் சொல்லாமல் விழுங்கியிருப்பேன். குதிரைக்குப் புண் வந்துவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

எங்களுக்குக் கோபி பக்கம் தோட்டம். குதிரையின் பெயர் செவலை, கத்தியவாரி இனப் பெண் குதிரை, வயது 21. காது இரண்டும் நுனியில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கும். ஆறு வயதில் அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடிச் சந்தையில் அப்பா முடிச் சுழி பார்த்துப் பிடித்து வந்தது. இப்போது அதற்குப் பெரிய வேலை ஏதும் இல்லை. விடிந்ததும் தடப்பள்ளி வாய்க்கால் மேட்டில் அரை மணி நேரச் சவாரி, ஞாயிற்றுக்கிழமை அக்கா மகளுக்கு ஒரு சுற்று, அவ்வளவுதான். ஆனால் இரண்டு வருடமாகப் பனிக்காலத்தில் கட்டுத்தரையை விட்டு வெளியே வரவே அடம் பிடிக்கிறது. பின்னங்கால்களை மரக்கட்டை மாதிரி வைத்து நடக்கும். கால் மணி நேரம் நடந்தால் தானாகச் சரியாகிவிடும்.

வீடியோவில் இருந்த எண்ணைக் கூப்பிட்டேன். எடுத்தவர் தேனாகப் பேசினார். "ஏனுங்கண்ணா, பெருசுக்குத்தானுங்களே? ராத்திரி போர்த்தி விட்ருங்க, காலைல மூட்டெல்லாம் இளகிக் கெடக்கும். உள்ள கொஞ்சம் தைலம் தேச்சு விட்டீங்கன்னா இன்னும் நல்லதுங்க." அளவு சொல்லட்டுமா என்றேன். "ஃப்ரீ சைஸுங்கண்ணா, எல்லாக் குதிரைக்கும் சேரும்." நைட்டி வாங்கும்போது கேட்கிற வார்த்தையைக் குதிரைத் துணிக்குச் சொல்கிறாரே என்று அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. பில் வாட்ஸ்அப்பிலேயே வரும் என்றார். கடைசிவரை வரவில்லை.

துணி வந்த அன்று அம்மாயி திண்ணையில் இருந்தபடியே பார்த்துவிட்டு, "என்ன கண்ணு, குதிரைக்குப் பொன்னாடை போத்தறயா?" என்று சிரித்தது. உள்பக்கம் வெள்ளி மாதிரி மினுமினுப்பு. கையில் எடுத்தாலே சரசரவென்று சத்தம். முதல் நாள் அந்தச் சத்தத்துக்கே செவலை மிரண்டு கயிற்றை அறுக்கப் பார்த்தது. எப்படியோ பழக்கி, தைலம் தேய்த்து, போர்த்தி, வார்களைக் கட்டிவிட்டுப் படுத்தேன்.

நாலாம் நாள் காலையில் கையை உள்ளே விட்டால் சொதசொதவென்று ஈரம். வியர்வை வெளியேற வழியில்லாமல் துணிக்கடியிலேயே நின்றிருக்கிறது. கழற்றியதும் பனிக்காற்று பட்டு உடம்பு நடுங்கியது. அளவு சரியில்லாததால் துணி ராத்திரியெல்லாம் பின்னால் நழுவி, கழுத்து முடிந்து முதுகு தொடங்குகிற மேட்டை முன்விளிம்பு அறுத்திருந்தது. அந்த இடத்தில் முடி உதிர்ந்து தோல் சிவந்து கிடந்தது. தைலம் பட்ட இடமெல்லாம் தடிப்பு.

கால்நடை மருத்துவர் வந்து பார்த்துவிட்டு முதலில் கேட்ட கேள்வி, "முதுகில் போடுகிற துணி பின்னங்கால் மூட்டை எப்படிங்க இளக்கும்?" என்னிடம் பதில் இல்லை. நம் ஊரில் மார்கழி விடிகாலையில் 18 டிகிரி அளவுக்கு இறங்கும். நமக்குத்தான் அது ஸ்வெட்டர் குளிர். நல்ல தீனி தின்கிற, நனையாத குதிரைக்கு அது குளிரே இல்லையாம். செவலைக்கு மூட்டுத் தேய்மானம். ராத்திரி முழுக்க ஒரே இடத்தில் கட்டிக் கிடப்பதால்தான் அந்த இறுக்கம், நடந்தால் இளகுவதும் அதனால்தான். அவர் சொன்னபடி இப்போது ராத்திரி கட்டுவதில்லை, வேலி போட்ட களத்தில் அவிழ்த்து விடுகிறோம். சோளத்தட்டு ஒரு கட்டு கூடுதல். தட்டு பெருங்குடலில் புளிக்கும்போது வருகிற சூடே குதிரைக்கு உள்ளே அடுப்பு மாதிரி என்றார். காலையில் பதினைந்து நிமிடம் கயிற்றைப் பிடித்து நடக்க வைத்து, அப்புறம்தான் சேணம். செலவென்று பார்த்தால் தட்டுக்கு மட்டும்தான்.

சரி, துணிக்கு வருவோம். செராமிக் துணி என்று உண்மையிலேயே ஒன்று இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. இழையாக இழுக்கும்போதே நுண்ணிய செராமிக் தூளை அதற்குள் கலந்துவிடுவார்கள். உடம்புச் சூட்டை வாங்கி அகச்சிவப்புக் கதிராக உடம்புக்கே திருப்பி விடும் என்பது அதன் கணக்கு. வயரும் கிடையாது, பேட்டரியும் கிடையாது. குளிர் நாடுகளில் வயதான குதிரைக்குச் சவாரிக்கு முன்னால் கொஞ்ச நேரம் போர்த்தி, சேணம் கட்டும்போது எடுத்துவிடுகிறார்கள். முதல் சில நாள் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் போடக் கூடாது, காய்ந்த உடம்பில்தான் போட வேண்டும், அடியில் தைலமோ களிம்போ கூடவே கூடாது. நல்ல கம்பெனித் துணியோடு வரும் தாளில் இதெல்லாம் இருக்கும். நெஞ்சின் நடுவிலிருந்து பின்தொடை முனை வரை பக்கவாட்டில் டேப் பிடித்து எத்தனை அங்குலம் என்று கேட்காமல் துணியை அனுப்ப மாட்டார்கள். எனக்கு விற்ற ஆள் சொன்னது ஒவ்வொன்றும் இதற்கு நேர் எதிர்.

என் மச்சான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். துணியைக் கொண்டுபோய் அவன் மேசையில் போட்டேன். விரலால் நிரடினான், வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தான், பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தான். "மாமா, இது ஜாக்கெட்டுக்குள்ள வெக்கிற லைனிங். மேல இருக்கறது சாதா ஃப்ளீஸ். மீட்டர் எவ்வளவுன்னு சொன்னா அழுதுருவீங்க." அப்புறம் கழுத்துப் பக்கம் தைத்திருந்த பளபளப்பான 'செராமிக் தெரபி' லேபிளின் ஓரத்தில் ஊசியை விட்டு நாலு தையலைப் பிரித்தான். அடியில் சின்னதாக இன்னொரு லேபிள். பாதி வெட்டியும் வெட்டாமலும் விட்டிருந்தார்கள். மிச்சமிருந்த பாதியில் '100% பாலியெஸ்டர்' என்று தெளிவாக இருந்தது. குதிரைக்குச் சுழி பார்க்கத் தெரிந்த குடும்பம் எங்களுடையது. துணிக்குச் சுழி எங்கே இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

லேபிளை போட்டோ எடுத்து விற்றவருக்கு அனுப்பினேன். "உங்க குதிரைக்கு வயசாயிருச்சுங்கண்ணா, அதுக்கு நாங்க என்ன பண்றது" என்று பதில் வந்தது. மறுநாள் என் எண்ணை பிளாக் செய்துவிட்டார். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன். பில் இல்லாவிட்டாலும் பணம் அனுப்பிய விவரம், அவர் அனுப்பிய செய்திகள், கூரியர் சீட்டு எல்லாம் இருந்தன. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனாலும் 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். அவ்வளவு தூரம் போகும் முன்பே வேறு எண்ணிலிருந்து கூப்பிட்டு, புகாரை வாபஸ் வாங்கினால் பாதிப் பணம் தருகிறேன் என்றார். மாட்டேன் என்றேன். இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறது.

புண் ஆற ஐந்து வாரம் ஆனது. ஆறிய இடத்தில் முடி வெள்ளையாக முளைத்திருக்கிறது. செவலை நிறத்தில் உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளை. சேணப் புண் ஆறினாலும் அப்படித்தான் இருக்கும், பழைய நிறம் திரும்பாது என்கிறார் மருத்துவர்.

அதே சாம்பல் நிறத் துணி, உள்ளே வெள்ளி மினுமினுப்பு, உங்கள் கட்டுத்தரையிலும் இருந்தால் இன்றைக்கே எடுத்துவிட்டு முதுகைத் தடவிப் பாருங்கள். அப்புறம் கழுத்துப் பக்க லேபிளை நாலு தையல் பிரியுங்கள். அடியில் இன்னொன்று இருந்தால் வெட்டாமல் போட்டோ எடுத்து எனக்கும் அனுப்புங்கள், புகாரோடு சேர்த்துக்கொள்கிறேன்.