எங்கள் அடுக்குமாடியின் பழுதுபார்ப்புச் சேவை: முகப்பிடம் மோசம், வேலை நன்று

மலேசிய அரசின் மக்கள் வீடமைப்புத் திட்ட வீட்டுக்கு மாத வாடகை 124 ரிங்கிட். தோட்டத்தை விட்டு வெளியேறிய எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு அது பெரிய ஆறுதல், மறுக்கமாட்டேன். அதற்காகக் குளியலறை ஒழுகுவதைச் சகித்துக்கொள்ள வேண்டுமா?

முதலில் எங்கள் குளியலறையின் உட்கூரையில் உப்புப் பூத்தது. பிறகு விரல் பட்டாலே சிமெண்டு உதிர்ந்தது. உள்ளே துருவேறிய கம்பி தெரிந்தது. "மேல்வீட்டாரிடம் பேசிக்கொள்ளுங்கள், அக்கா" என்றார் நிர்வாக அலுவலக முகப்பிடத்துத் தம்பி. மேல்வீட்டு மலாய் அம்மாவும் வாடகைக்காரர்தானே! தரையை உடைக்க அவருக்கு ஏது உரிமை? பின்னர் அலுவலகம் அனுப்பிய ஆள் வெள்ளைச் சாயம் பூசிவிட்டுப் போனார். ஈரத்தின்மேல் பூசிய சாயம் நிற்குமா?

கடைசியாக வந்த பழுதுபார்ப்புக் குத்தகைக்காரர் வேலை தெரிந்தவர். மேல்வீட்டுக் குளியலறையில் வடிகால் வாயை அடைத்து, நிறம் கலந்த தண்ணீரைத் தேக்கி, ஒரு நாள் விட்டுவைத்தார். மறுநாள் எங்கள் தலைக்குமேல் அதே நிறம் சொட்டியது. ஓடுகளைப் பெயர்த்து, நீர்த்தடுப்புப் பூச்சு அடித்து, காய்ந்ததும் மீண்டும் தண்ணீர் தேக்கிப் பார்த்தார். அதன் பிறகே ஓடு பதித்தார். எங்கள் பக்கத்துக் கம்பியின் துருவையும் சுரண்டிப் பூசிக் கொடுத்தார். வேலை முடிந்ததும் அந்த அம்மாவின் வீட்டைத் துடைத்துவிட்டுத்தான் கிளம்பினார். அவருக்கு ஐந்துக்கு ஐந்து.

அலுவலகத்துக்கு ஐந்துக்கு ஒன்றுதான். புகாரைத் தேதியிட்ட படங்களுடன் எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ச்சொல் அங்கே செல்லாது.