விதைக்கு மண்ணா, வழியா?
மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில், ஒரே நாற்றுமேடையிலிருந்து எடுத்த செம்பனைக் கன்றுகள் மேட்டில் செழிக்கும். தண்ணீர் தேங்கும் பள்ளத்தில் ஓலை மஞ்சளாகிவிடும். மார்பகப் புற்றுநோய் பரவுவதைப் பற்றி 1889இல் ஆங்கிலேய அறுவை மருத்துவர் ஸ்டீபன் பேஜெட் சொன்னதும் ஏறத்தாழ இதுவே. 735 பிணக்கூறாய்வுக் குறிப்புகளில், 241 பேருக்குக் கல்லீரலிலும், 17 பேருக்கு மட்டுமே, இரத்தம் தாராளமாகப் பாயும் மண்ணீரலிலும் நோய் இருந்ததால், விதையாகிய புற்றணுவுக்கு ஏற்ற மண்ணாக அந்த உறுப்பு அமைய வேண்டும் என்றார். 1928இல் அமெரிக்க நோயியல் அறிஞர் ஜேம்ஸ் யூயிங்கோ, இரத்தமும் நிணநீரும் ஓடும் வழியே இடத்தை முடிவுசெய்கிறது என்றார். நுரையீரலுக்கு அவர் கணக்குப் பொருந்துகிறது. மார்பகத்திலிருந்து திரும்பும் இரத்தம் முதலில் வடிகட்டப்படுவது பெரும்பாலும் அங்கேதான். எலும்புக்கு வந்தால் பேஜெட்டின் பக்கமே நான் சாய்வேன்: அங்கே குடியேறிய புற்றணுக்கள் எலும்பைக் கரைக்கும் அணுக்களைத் தூண்டிவிட, கரையும் எலும்பிலிருந்து வெளிவரும் வளர்ச்சிப் பொருள்கள் அதே புற்றணுக்களுக்கு உரமாகின்றன.