விட்டுவைப்பதா, புது மெருகு ஏற்றுவதா: பழைய லூகரும் கோல்ட் 1911-உம்

1917-இல் பெர்லினில் டி.டபிள்யூ.எம். ஆயுத ஆலையில் செய்த ஒரு லூகர் பி08 பிஸ்டல் கைக்கு வருகிறது. நீலக்கறுப்புப் பூச்சு பாதிக்கு மேல் போய், இரும்பு சாம்பல் நிறமாகிவிட்டது. பிடியின் முன்பக்கம் வியர்வை பட்டுப் பழுப்பேறியிருக்கிறது. குழாயின் முனை ஓரங்கள் தோலுறைக்குள் போய்வந்து வெளுத்திருக்கின்றன. பட்டறையில் கொடுத்தால் சில நாளில் மை பூசியதுபோல் மின்னிக்கொண்டு திரும்பி வரும். ஆனால் இந்தச் சந்தை பெரிதாக நடக்கும் அமெரிக்காவில், பாகங்களில் அடித்த எண்கள் ஒன்றோடொன்று பொருந்திய அசல் லூகருக்கு மறுபடி புளூயிங் (நீலக்கறுப்பு ஏற்றுதல்) செய்தால் விலை பாதிவிலைக்கும் கீழே இறங்குவது வழக்கம். அதன்பின் அது சேகரிப்புப் பொருள் இல்லை. சுட்டுப் பழக வாங்கும் துப்பாக்கி என்று தரம் பிரித்துவிடுவார்கள்.

அமெரிக்கத் தேசிய ரைஃபிள் சங்கம் பழந்துப்பாக்கிகளுக்கு வகுத்த தரவரிசையைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். ‘மிக நன்று’ என்ற தரத்துக்கு உதிரிகள் எல்லாம் அசலாக இருக்க வேண்டும்; அசல் மேற்பூச்சு 30 சதவீதம் இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். மறுபடி புளூ செய்தது அதற்கு ஒரு படி கீழே, ‘நன்று’ என்ற தரத்தில், லேசாகத் துருக்குழி விழுந்தவற்றோடு சேர்ந்து நிற்கிறது. நீலம் ஒரு துளிகூட மிஞ்சாத பழையது, புத்தம்புதிதாகப் பளபளக்கும் பழையதைவிட உயர்ந்த தரம். புதிதாகச் சேகரிக்க வருகிறவர்கள் தடுமாறும் இடம் இதுதான்.

விலையைத் தின்பது பஃபிங் சக்கரம்

புளூயிங் என்பது பெயிண்ட் மாதிரி மேலே பூசுவது இல்லை. இரும்பின் மேற்பரப்பே மேக்னடைட் என்ற கறுப்பு ஆக்சைடாக மாறுவது. அந்தப் படலம் மிக மெல்லியது. துருக்குழியோ அதைவிடப் பல மடங்கு ஆழம். ஆகவே புது நீலம் ஏற்றினால் குழி மறையாது. குழி மறைய வேண்டுமென்றால் குழியின் அடிமட்டம் வரைக்கும் சுற்றியுள்ள இரும்பு முழுவதையும் தேய்த்து எடுக்க வேண்டும். அப்படித் தேய்க்கும்போது எழுத்துகளும் முத்திரைகளும் ஆழம் குறைகின்றன, கூர்மையான விளிம்பு மழுங்குகிறது. ஆலை போட்ட கருவித்தடமும் அழிந்துபோகிறது. ரசாயனம் செய்யும் கெடுதலை ஓரளவு சரிக்கட்டலாம். தேய்த்தெடுத்த இரும்பைத் திருப்பி வைக்க வழியே கிடையாது.

மறுபூச்சைக் கண்டுபிடிப்பதும் அந்தத் தேய்மானத்தை வைத்துத்தான். ஜன்னல் வெளிச்சத்தில் பிஸ்டலைச் சாய்த்துப் பிடித்து, தட்டையான பக்கத்தில் ஜன்னல் சட்டத்தின் பிம்பத்தைப் பார்க்கலாம். கோடு நேராக ஓடினால் நல்லது. தண்ணீரில் தெரிவதுபோல் நெளிந்தால் பஃபிங் செய்யும் துணிச்சக்கரம் ஓடியிருக்கிறது. அடுத்து ஆணி, திருகு துளைகள். அசலில் துளையின் வாய் கூராக நிற்கும். பஃபிங் பட்டதில் சுற்றிலும் கிண்ணம்போல் குழிந்திருக்கும். குழிக்கு உள்ளேயும் நீலம் இருந்தால் சந்தேகமே வேண்டாம், துருவுக்குப் பிறகு ஏற்றிய நீலம் அது.

1930-களில் மௌசர் ஆலை செய்த லூகர்களில் இன்னொரு அடையாளம் உண்டு. ராணுவ ஏற்பு முத்திரைகளைப் புளூயிங்குக்குப் பிறகு அடித்தார்கள். அடித்த இடத்தில் இரும்பு சற்றே மேலெழும்புவதால் முத்திரையைச் சுற்றி மெல்லிய வெளிர் வளையம் தெரியும். மறுபூச்சில் முதலில் தொலைவது அந்த வளையம்.

லூகரில்: துரு முறையா, உப்புத் தொட்டியா

டி.டபிள்யூ.எம். செய்தது துருவேற்றும் முறை. அமிலக் கரைசலை இரும்பில் தடவி, ஈரப்பதமான பெட்டியில் சில மணி நேரம் வைத்தால் மெல்லிய செந்துரு படியும். காய்ச்சி வடித்த நீரில் 15, 20 நிமிடம் கொதிக்கவிட்டால் செந்துரு கறுப்பாக மாறும். நுண்கம்பித் தூரிகையால் தளர்ந்த கரியைத் தட்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து. ஆறு முதல் பத்துச் சுற்று வரை போனால்தான் ஆழ்ந்த நிறம் பிடிக்கும். விரல் எண்ணெய் பட்ட இடம் மொட்டையாக நிற்கும். குழாய்த்தண்ணீரில் கொதிக்கவைத்தால் அதிலுள்ள குளோரினும் உப்பும் புள்ளி புள்ளியாகக் கறை விடும்.

உப்புத் தொட்டி முறையில் காஸ்டிக் சோடாவும் சோடியம் நைட்ரேட்டும் கலந்த கரைசலை 135 முதல் 150 டிகிரி செல்சியஸில் வைத்து, பாகங்களை அரை மணி நேரம்போல முக்கி எடுக்கிறார்கள். வேகமானது, மலிவானது, இன்று பெரும்பாலான பட்டறைகளில் இதுதான். சூடு மிஞ்சினால் செம்பழுப்பு ஏறும். இடுக்கில் சிக்கிய உப்பைச் சரியாகக் கழுவாவிட்டால் சில வாரம் கழித்து வெள்ளைப் பொருக்காகக் கசிந்து அங்கேயே அரிக்கும். அலுமினிய ஃபிரேம் உள்ள பிஸ்டலை இதில் இறக்கினால் ஃபிரேமே கரையும்.

துரு முறையில் கரைசலைக் கையால் வெளிப்புறம் மட்டும் தடவுவார்கள். அதனால் 1917 லூகரில் பிடியின் உட்புறமும் குழாயின் வாய்முகமும் பூச்சில்லாமல் வெள்ளை இரும்பாகவே இருக்கும். தொட்டியில் முக்கியதில் உள்ளும் புறமும் ஒரே கறுப்பு. மேகசினை (பிடிக்குள் செருகும் தோட்டாக்கூட்டை) கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தால் பாதிக் கேள்விக்கு அங்கேயே பதில். விசை, பாதுகாப்பு நெம்பு, கழற்றும் நெம்பு, மேகசின் பொத்தான் ஆகிய சிறு பாகங்கள் வைக்கோல் மஞ்சளாக இருக்க வேண்டும்; அவை கறுத்திருந்தால் தொட்டிக்குப் போய் வந்தவை.

ஆனால் மௌசர் ஆலையே 1937-இல் உப்பு முறைக்கு மாறியது, வைக்கோல் மஞ்சளும் அத்தோடு நின்றது. ஆகவே 1939 லூகரில் உள்ளே கறுப்பு இருந்தால் அது சரி. அதே கறுப்பு 1917-இல் தவறு. ஆண்டைப் பார்க்காமல் பூச்சைப் பற்றித் தீர்ப்புச் சொல்லக் கூடாது. 1920 என்ற இரண்டாவது ஆண்டு முத்திரையோடு வைமார் காலத்தில் சீர்செய்தவையும் உண்டு. அவற்றின் மறுபூச்சு வரலாற்றின் பகுதி, யாரும் குறையாக எண்ணுவதில்லை.

கோல்ட் 1911-இல்: ஆயுதக்கிடங்கின் கையா, தனியார் கையா

யார் செய்த மறுபூச்சு என்ற வேறுபாடு அமெரிக்க ராணுவத்தின் 1911 மாடல் பிஸ்டலில் மிகக் கூர்மையாகத் தெரியும். முதல் உலகப்போர் காலத்தவை புளூ செய்யப்பட்டவை. இரண்டாம் உலகப்போர் காலத்து 1911ஏ1-களில் (அதன் திருத்திய வடிவம்) பெரும்பாலானவை பார்க்கரைசிங், அதாவது சுமார் 90 டிகிரி பாஸ்பேட் கரைசலில் வேகவைத்துப் பெறும் மங்கிய சாம்பல் பூச்சு. போருக்குப் பிறகு ராணுவ ஆயுதக்கிடங்குகள் ஆயிரக்கணக்கில் பிரித்து, பாகங்களைக் கலந்து, புதிதாகப் பார்க்கரைசிங் செய்து, தங்கள் எழுத்தையும் அடித்தன. ஏ.ஏ. என்றால் அகஸ்டா, ஆர்.ஐ.ஏ. என்றால் ராக் ஐலண்ட், எஸ்.ஏ. என்றால் ஸ்பிரிங்ஃபீல்ட். இவை அசலைவிட மலிவு. ஆனால் தனியாகச் சேகரிக்கிறவர்கள் உண்டு, நிலையான விலையும் உண்டு.

தனியார் செய்த பார்க்கரைசிங்குக்கு அந்த மரியாதை இல்லை. பாஸ்பேட் நன்றாகப் பிடிக்க முதலில் மணல் பீய்ச்சுவார்கள். மணல் கடினமாகப் பட்டால் ஃபிரேமில் உள்ள ஆய்வாளர் எழுத்துகள், உதாரணமாக ரெமிங்டன் ராண்ட் பிஸ்டல்களில் வரும் எஃப்.ஜே.ஏ., விளிம்பு கரைந்து புகைபோல் தெரியும். அந்த மூன்று எழுத்தும் கூராக நிற்கிறதா என்று பூதக்கண்ணாடியில் பார்க்காமல் பணத்தை எடுக்கக் கூடாது.

1911ஏ1-ஐக் கோல்ட் தவிர வேறு நிறுவனங்களும் செய்தன; அவற்றில் சிலவற்றைப் பூச்சை வைத்தே பிரிக்கலாம். யூனியன் ஸ்விட்ச் அண்ட் சிக்னல் 1943-இல் செய்த சுமார் 55,000 பிஸ்டல்கள் மணல் பீய்ச்சிய பரப்பில் புளூ செய்தவை. சிங்கர் தையல் இயந்திர நிறுவனம் செய்தது 500 மட்டுமே, அவையும் புளூ. இந்த இரண்டில் எது பார்க்கரைசிங்கோடு வந்தாலும் நடுவில் யாரோ பூச்சை மாற்றியிருக்கிறார்கள்.

நிக்கல் முலாம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ராணுவ 1911 நிக்கலோடு ஆலையை விட்டு வரவில்லை. நிக்கல் பூசியிருந்தால் அது பின்னாள் வேலை. வணிக கோல்ட் என்றால் நிறுவனத்தின் ஆவணக் கடிதத்தைக் கட்டணம் செலுத்தி வாங்கலாம். எந்தப் பூச்சோடு ஆலையை விட்டுப் போனது என்று அதில் இருக்கும். குளிர் புளூ இன்னும் மோசம். செலினியம், செம்பு உப்பு கலந்த திரவத்தைத் தடவினால் நொடியில் கறுக்கும், உறையில் நாலு முறை போய்வந்தால் பழுப்பாகும். உள்ளங்கைச் சூட்டில் அதன் ரசாயன வாடை காட்டிக்கொடுத்துவிடும். தேய்ந்த விளிம்பை மறைக்க விற்பனைக்கு முன் தடவப்படுவது பெரும்பாலும் இதுதான்.

துரு மட்டும் நிற்க வேண்டும் என்றால்

எல்லா வழிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அசல் பிஸ்டலுக்குத் தகுந்தது இதுவே. முதலில் மேகசினைக் கழற்றி, தோட்டா நிற்கும் அறை காலி என்று கண்ணால் உறுதிசெய்ய வேண்டும். திருகின் பள்ளத்தை முழுதாக நிரப்பும் அலகுள்ள திருப்புளியால் மட்டும் பிரிக்க வேண்டும். நழுவி ஒரு கீறல் விழுந்தாலும் அது நிரந்தரம். மெல்லிய எண்ணெயைத் துருவின்மேல் விட்டு ஒன்று அல்லது இரண்டு நாள் ஊறவைக்கலாம். பிறகு செம்புத் தகட்டின் விளிம்பால் படுக்கையாகச் சுரண்டினால் துரு பொடிந்து வரும். செம்பு இரும்பைவிட மென்மையானது, நீலத்தைக் கீறாது. உப்புத்தாள் வேண்டவே வேண்டாம்.

செந்துரு பரவலாக இருந்தால், துரு முறையில் புளூ செய்த இரும்புக்கு இன்னொரு நல்ல வழி உண்டு. பிடித்தகடுகளையும் ஸ்பிரிங்குகளையும் கழற்றிவிட்டு, எண்ணெய்ப் பிசுக்கு முழுதும் போக்கி, காய்ச்சி வடித்த நீரில் 20, 30 நிமிடம் கொதிக்கவிட்டால் செந்துரு அங்கேயே கறுப்பாகிவிடும். எந்த இரும்பும் தேயாது. குழி குழியாகவே இருக்கும், கொதித்த இடம் சுற்றுப்புறத்தைவிடச் சற்றுக் கருமையாகத் தெரியும். அதனால் துரு உயிரோடு இருக்கும்போது மட்டும் செய்ய வேண்டியது இது.

முழு மறுசீரமைப்பு நியாயமாவது ஒரே நிலையில்: யாரோ ஏற்கெனவே பஃபிங் போட்டு உப்புத் தொட்டியில் முக்கிவிட்ட, எண்களும் பொருந்தாத பொதுவகை பிஸ்டல். அங்கே இழக்க அசல் எதுவும் இல்லை. அதிலும் துணிச்சக்கரம் கூடாது. மரக்கட்டையில் சுற்றிய 240, 320, 400 எண் தாள்களால், ஆலை தேய்த்த திசையிலேயே, எழுத்துகளை ஒதுக்கிக் கையால் தேய்ப்பவரைத் தேட வேண்டும். மணிக்கணக்கான கைவேலை என்பதால் கூலி பெரும்பாலும் கூடும் விலையைத் தாண்டிவிடும். லாபத்துக்காகச் செய்ய வேண்டாம், கண்ணுக்காகச் செய்யலாம். செய்தால் முன்பு எடுத்த படங்களும் ரசீதும் பிஸ்டலோடு சேர்ந்தே கைமாற வேண்டும்.

பாதுகாத்து வைக்க, நுண்படிக மெழுகைப் பயற்றளவு துணியில் எடுத்து மெல்லத் தடவி, காய்ந்ததும் மிருதுவான பருத்தித்துணியால் துடைத்தால் போதும். ஈரப்பதம் 50 சதவீதத்தைத் தாண்டாமல் சிலிகா ஜெல் வைக்கலாம். அசல் தோலுறை கூடவே வந்திருந்தாலும் பிஸ்டலை அதற்குள் வைக்கக் கூடாது. தோல் ஈரத்தை இழுத்துப் பிடித்துவைக்கும், பதனிட்ட அமிலமும் உப்பும் அதில் மிஞ்சியிருக்கும். நூறாண்டு தாங்கிய நீலம் ஒரே மழைக்காலத்தில் உறையின் தையல் தடத்தோடு துருவாகப் பதிந்துவிடும்.