டிடிஏ7294 ஆம்ப்புக்கு டிரான்ஸ்ஃபார்மரா, எஸ்எம்பிஎஸ்ஸா?

டிடிஏ7294 என்ற ஆடியோ ஐசி வைத்த ஸ்டீரியோ ஆம்ப்பின் பவர் சப்ளையை மாற்றுவதென்றால் இரண்டு வழி உண்டு. ஒன்று டிரான்ஸ்ஃபார்மர், ஏசியை டிசி ஆக்கும் பிரிட்ஜ், கெப்பாசிட்டர். மற்றொன்று ±35 வோல்ட் (பிளஸ் 35, மைனஸ் 35 என இரு பக்கம்) தரும் எஸ்எம்பிஎஸ், அதாவது ஸ்விட்ச் மோட் பவர் சப்ளை போர்டு. நான் டிரான்ஸ்ஃபார்மரையே தேர்ந்தெடுத்தேன், என் பரிந்துரையும் அதுதான்.

எஸ்எம்பிஎஸ் எடை குறைவு, இடம் அடைக்காது. ஆனால் லைன் வோல்டேஜ் ஏறி இறங்கினாலும் வெளியே வோல்டேஜ் அசையாது என்று நம்பி வாங்க வேண்டாம். ஐஆர்2153 என்ற டிரைவர் ஐசி வைத்த மலிவு போர்டுகள் பலவற்றில் ரெகுலேஷனே கிடையாது. பேஸ் கூடட்டும் என்று வெளியே 10,000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் சேர்த்தால், ஓவர்லோட் காப்பு உள்ள போர்டு ஸ்டார்ட் ஆகாமலே விட்டுவிட்டுத் துடிக்கும். எர்த் இல்லாத பிளக்கில் செருகினால் கேபினெட்டைத் தொடும்போது சுருக்கென்று இருக்கும். ஃபில்டர் கெப்பாசிட்டர் வழியே கசியும் மின்சாரம் அது. ஆடியோவுக்கென்றே செய்த உயர்விலை எஸ்எம்பிஎஸ்ஸில் எனக்கு அனுபவம் குறைவு. அவற்றுக்கும் இதே தீர்ப்பு பொருந்தும் என்று சொல்ல மாட்டேன்.

என்னை முடிவு செய்ய வைத்தது ரிப்பேர். டிரான்ஸ்ஃபார்மர் சப்ளையில் கெடுவது பெரும்பாலும் ஃபியூஸ், பிரிட்ஜ், கெப்பாசிட்டர் மூன்றில் ஒன்றுதான். மூன்றும் சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் உதிரியாகவே கிடைக்கும், மல்டிமீட்டர் ஒன்று போதும், அரைமணி வேலை. எஸ்எம்பிஎஸ்ஸில் ஸ்விட்சாக வேலை செய்யும் மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆனால் டிரைவர் ஐசியையும் கூட இழுத்துக்கொண்டு போவது வழக்கம். ஐசியின் நம்பரைச் சுரண்டி வைத்திருந்தால் முழு போர்டையும் மாற்றுவதுதான் வழி. அணைத்த பிறகும் மெயின் கெப்பாசிட்டரில் 325 வோல்ட் வரை நிற்கும் என்பதால், பழக்கமில்லாதவர் கை வைக்கவும் கூடாது.

டிரான்ஸ்ஃபார்மர் வாங்கும்போது பலரும் கேட்பது 24-0-24, அதாவது நடு வயரிலிருந்து இரு பக்கமும் 24 வோல்ட் ஏசி. டிடிஏ7294 ஐசிக்கு அது ஆபத்து. லோடு இல்லாதபோது சுமார் 10 சதவீதம் கூடும்; லைனில் 253 வோல்ட் வந்தால் இன்னொரு 10 சதவீதம். ரெக்டிஃபை ஆகி டிசி ஆனதும் ±40-ஐத் தாண்டிவிடும், டேட்டாஷீட்டின் வரம்பே ±40தான். 22-0-22, 5 ஆம்ப் வாங்குங்கள். அதே நிலையில் ±37 வரைதான் போகும். ஆகவே கெப்பாசிட்டர் 50 வோல்ட் ரேட்டிங்கில் இருக்க வேண்டும், 35 வோல்ட் கூடாது. பிளஸ், மைனஸ் பக்கத்துக்குத் தலா 10,000 மைக்ரோஃபாரட், பிரிட்ஜுக்கு கேபிபிசி3510, ஒவ்வொரு கெப்பாசிட்டருக்கும் குறுக்கே 2.2கே 2 வாட் ரெசிஸ்டர், பிரைமரியில் 2 ஆம்ப் ஸ்லோ-ப்ளோ ஃபியூஸ்.

ஸ்பீக்கரில் ஹம் (உறுமல்) வந்தால் உடனே கெப்பாசிட்டரைக் கூட்டாதீர்கள், கிரவுண்டைப் பாருங்கள். சென்டர் டேப் (டிரான்ஸ்ஃபார்மரின் நடு 0 வயர்) இரண்டு கெப்பாசிட்டரும் சேரும் இடத்துக்கு வரட்டும். ஸ்பீக்கர் ரிட்டர்ன், ஆம்ப் போர்டு கிரவுண்ட் இரண்டையும் அங்கிருந்து சற்றுத் தள்ளி ஒரே புள்ளியில் சேருங்கள். சார்ஜிங் கரண்ட் ஓடும் கம்பியில் ஆம்ப் கிரவுண்டைத் தொட்டால் 100 ஹெர்ட்ஸ் ஹம் போகவே போகாது.

டொராய்டல் (வளைய வடிவ) டிரான்ஸ்ஃபார்மர் என்றால் நடு போல்ட்டின் இரு முனையும் கேபினெட்டைத் தொடக்கூடாது. தொட்டால் அதுவே ஷார்ட் ஆன ஒரு சுற்று. காயில் சூடேறிக் கருகிவிடும்.

முதல் தடவை ஆம்ப் போர்டை இணைக்காமல், 100 வாட் குண்டு பல்பை மெயின் லைனில் சீரீஸில் போட்டு ஆன் செய்யுங்கள். பளிச்சென்று எரிந்து மங்கினால் இரு பக்க வோல்டேஜையும் அளந்துவிட்டு போர்டை இணைக்கலாம். மங்காமல் எரிந்தால் முதலில் பிரிட்ஜையும் கெப்பாசிட்டரின் போலாரிட்டியையும் பாருங்கள்.